மீள்நிகழ்த்துகைக் கம்பளிப் போர்வை (அமெரிக்க உள்நாட்டுப் போர்)

மீள்நிகழ்த்துகைக் கம்பளிப் போர்வை என்பது, 1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரர்கள் பயன்படுத்திய போர்வையை மாதிரியாகக் கொண்டு இக்காலத்தில் நெய்யப்படும் நகல் ஆகும். பழைய போர்களையும் முகாம் வாழ்க்கையையும் அக்கால உடை, கருவிகளுடன் தன்னார்வலர்கள் நடித்துக் காட்டுவது வரலாற்று மீள்நிகழ்த்துகை எனப்படுகிறது. இதில் ஈடுபடுவோர் துப்பாக்கி, சீருடை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வாங்கும் பொருட்களுள் போர்வையும் ஒன்று.

சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி கிடைத்தால் போதும் என்று புதியவர்கள் கருதுவதுண்டு. உண்மையில், இப்போர்வையை அடையாளம் காண்பதற்கு நிறமே மிகக் குறைவாக உதவுகிறது. இழை, நெசவு, எடை, முனைப்பட்டை, எழுத்து, ஓரம் ஆகியனவே ஒரு நகல் அக்காலத்துப் பொருளை ஒத்திருக்கிறதா என்பதைத் தீர்மானிக்கின்றன. அரச ஒழுங்குவிதியில் எழுதப்பட்டிருந்த போர்வையும் வீரனின் தோளில் கிடந்த போர்வையும் எப்பொழுதும் ஒன்றாக இருக்கவில்லை என்பது இதனை மேலும் சிக்கலாக்குகிறது.

பின்னணி

உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நினைவு 1961 முதல் 1965 வரை கொண்டாடப்பட்டபோது மீள்நிகழ்த்துகை பெரிய அளவில் பரவியது. 1961 சூலையில் வர்ஜீனியாவின் மனாசஸ் களத்தில் முதலாம் புல் ரன் சண்டை நடித்துக் காட்டப்பட்டது. அக்காலத்தில் பங்கேற்ற பலர் கடையில் கிடைத்த வேலைச் சட்டைகளையும் காற்சட்டைகளையுமே சீருடையாக அணிந்தனர். போர்வை பற்றிக் கவலைப்பட்டவர் குறைவு. போர் நிகழ்ந்த இடத்தில் அதனை விளையாட்டாக நடிப்பது குறித்து எழுந்த கண்டனங்களும் இதற்குப் பின்னரே வலுத்தன. அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை தன் பொறுப்பில் உள்ள போர்க்களங்களில் எதிரெதிர் அணிகள் மோதும் நடிப்புகளை அனுமதிப்பதில்லை.

1980களில் 125ஆம் ஆண்டு நினைவு நிகழ்ச்சிகள் நடைபெற்ற காலந்தொட்டு, அருங்காட்சியகங்களில் உள்ள மூலப் பொருட்களை அளந்து, அவற்றின் நெசவையும் தையலையும் அப்படியே பின்பற்ற வேண்டும் என்ற போக்கு வளர்ந்தது. பொருத்தமற்ற பொருட்களுடன் வருபவரை மீள்நிகழ்த்துவோர் 'ஃபார்ப்' என்று ஏளனமாகக் குறிப்பிடுவர். சீருடை முழுவதும் சரியாக இருந்தும் போர்வையினால் இப்பெயரைப் பெறுபவர்கள் உண்டு. பகலில் சுருட்டித் தோளில் மாட்டப்படுவதும், இரவில் தீயருகே விரிக்கப்படுவதும் அதுவே என்பதால், பார்வையாளரின் கண்ணில் அதிகம் படுவதும் அதுதான்.

ஒழுங்குவிதியில் போர்வை

அமெரிக்கப் படைக்கான 1861ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் போர்வையை மிகச் சுருக்கமாக வரையறுத்தன. அது கம்பளியால் ஆனதாகவும் சாம்பல் நிறமுடையதாகவும் இருக்க வேண்டும். நடுவில் 'யூ.எஸ்.' என்னும் எழுத்துகள் கறுப்பில் 4 அங்குல உயரத்தில் அமைய வேண்டும். நீளம் 7 அடி, அகலம் ஐந்தரை அடி, எடை 5 பவுண்டு. மெட்ரிக் அளவில் இது ஏறத்தாழ 213 செ.மீ. நீளம், 168 செ.மீ. அகலம், 2.27 கி.கி. எடை ஆகும்.

இவ்வளவுகளிலிருந்து பயனுள்ள ஒரு கணக்கைப் பெறலாம். போர்வையின் பரப்பு ஏறத்தாழ 3.58 சதுர மீட்டர். எனவே ஒரு சதுர மீட்டர் துணியின் எடை ஏறத்தாழ 634 கிராம் ஆகிறது. விற்பனைக்கு வரும் நகலின் நீள அகலங்கள் வேறுபட்டிருந்தாலும், அதன் எடையைப் பரப்பினால் வகுத்துப் பார்த்தால் துணியின் தடிப்பு ஒழுங்குவிதிக்கு அருகில் உள்ளதா என்பது தெரிந்துவிடும். மலிவான போர்வைகள் பல இச்சோதனையிலேயே விழுந்துவிடுகின்றன.

எஞ்சியுள்ள போர்வைகள் காட்டுவன

ஒழுங்குவிதியில் முனைப்பட்டை பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால், இன்று அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் எஞ்சியுள்ள ஒன்றியப் படைப் போர்வைகளின் இரு முனைகளிலும் சில அங்குல அகலமுள்ள கருநிறப் பட்டை ஒன்று குறுக்கே செல்வதைக் காணலாம். இப்பட்டை துணியின்மீது அச்சிடப்பட்டதன்று. நெசவின்போது ஊடை நூலைக் கருநிற நூலாக மாற்றி நெய்யப்பட்டது. ஆகவே பட்டை பின்புறத்திலும் தெரியும். பட்டையின் எல்லையில் நூல்கள் தெளிவாக மாறும். சாயம் பூசப்பட்ட நகல்களில் பட்டையின் விளிம்பு கசிந்தோ பின்புறம் மங்கியோ காணப்படும்.

நெசவு இன்னொரு முதன்மையான அடையாளம். இப்போர்வைகள் பொதுவாகச் சாய்வரி நெசவில் அமைந்தவை. ஒரு பாவு நூலின் மேலும் அடுத்த பாவு நூலின் கீழுமாக ஊடை மாறி மாறிச் செல்வது சாதா நெசவு. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நூல் தள்ளிச் செல்லும்போது துணியில் மூலைவிட்டமாகக் கோடுகள் தோன்றும். இதுவே சாய்வரி நெசவு. ஜீன்ஸ் துணியில் இக்கோடுகளை எவரும் எளிதாகக் காணலாம். கம்பளிப் போர்வையில் மேற்பரப்பின் மென்மயிர் இவற்றை ஓரளவு மறைக்கும். வெளிச்சத்தை ஒரு பக்கமிருந்து விழச்செய்து பார்த்தால் கோடுகள் புலப்படும். இக்காலத்தில் ஊசியால் குத்தி இழைகளைப் பிணைத்து உருவாக்கப்படும் நெய்யாத போர்வைகளும் சந்தையில் உள்ளன. அவற்றில் பாவும் ஊடையும் இல்லை.

'யூ.எஸ்.' எழுத்துகள் கையால் இடப்பட்ட தையலால் ஆனவை. எழுத்தின் வெளிக்கோடு மட்டும் சங்கிலித் தையல் போன்ற எளிய தையலால் வரையப்பட்டிருக்கும், உட்புறம் நிரப்பப்பட்டிருக்காது. கையால் தைத்ததால் இரண்டு போர்வைகளின் எழுத்துகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. கணினிப் பூவேலை இயந்திரத்தில் அடர்த்தியாக நிரப்பப்பட்டு, விளிம்பு பிசகாமல் அமைந்த எழுத்துகள் இக்கால வேலை என்பதைத் தொலைவிலிருந்தே கூறிவிடும். போர்க்காலத்தில் ஒப்பந்தக்காரரிடமிருந்து வாங்கப்பட்ட போர்வைகளில் எழுத்தே இல்லாதவையும் இருந்தன. எனவே மோசமான எழுத்துடைய நகலைவிட எழுத்தில்லாத நகலே மேலானது எனலாம்.

ஓரங்களில், நீளவாட்டில் துணியின் இயல்பான நெசவுக் கரை இருக்கும். முனைகள் தறியிலிருந்து வந்த நீண்ட துணியை வெட்டியதால் உண்டானவை. அவை மடித்துத் தைக்கப்படாமலே இருப்பது வழக்கம். துணி வெந்நீரிலும் சோப்பிலும் அடித்துச் சுருக்கப்பட்டிருந்ததால் வெட்டிய முனை எளிதில் பிரிவதில்லை. ஓவர்லாக் தையலோ பளபளக்கும் சாட்டின் நாடாவோ உள்ள போர்வை வீட்டுக் கட்டிலுக்குரியது.

நிறத்தைப் பொறுத்தவரை, எஞ்சியுள்ளவற்றில் சாம்பல் மட்டுமின்றிப் பழுப்பும் உண்டு. சில தொடக்கத்திலேயே பழுப்பாக நெய்யப்பட்டவை. வேறு சில காலப்போக்கில் மாறியவை. அக்காலத்தில் கறுப்பு, சாம்பல் சாயங்களுக்குப் பரவலாகப் பயன்பட்ட லாக்வுட் என்னும் மரச் சாயம் ஒளிபட்டு நாளடைவில் பழுப்பாக மங்கும் இயல்புடையது. 150 ஆண்டுகள் கடந்த ஒரு போர்வையின் இன்றைய நிறத்தை அப்படியே நகலெடுப்பவர், 1863இல் புதிதாக இருந்த பொருளைக் காட்டுவதில்லை. அதன் முதுமையைத்தான் காட்டுகிறார்.

ஷாடி

போர் 1861 ஏப்ரல் 12 அன்று தொடங்கியது. மூன்று நாட்களில் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் 75,000 தன்னார்வப் படையினரைக் கோரினார். அதுவரை அமெரிக்க நிலைப்படை ஏறத்தாழ 16,000 பேரை மட்டுமே கொண்டிருந்தது. அதற்கேற்ற அளவில் துணி வாங்கிப் பழகிய படைத்தளவாடத் துறையினால் இத்தேவையை உடனே நிறைவு செய்ய இயலவில்லை. மாநில அரசுகள் தத்தம் படைப்பிரிவுகளுக்காகத் தனித்தனியே வாங்கத் தொடங்கின. நடுவண் அரசும் மாநிலங்களும் ஒரே ஆலைகளின் வாசலில் போட்டியிட்டன. விலை ஏறியது, தரம் இறங்கியது.

இச்சூழலில் புகுந்ததே ஷாடி எனப்படும் மறுசுழற்சிக் கம்பளி. பழைய கம்பளித் துணிகளைப் பல் உருளை இயந்திரங்களில் கிழித்து, மீண்டும் இழையாக்கி, சிறிது புதுக்கம்பளியுடன் கலந்து நூற்பதே இம்முறை. இங்கிலாந்தின் யோர்க்சயரில் உள்ள பாட்லி நகரில் பெஞ்சமின் லா என்பவர் 1813ஆம் ஆண்டளவில் இதனை உருவாக்கினார். முறையில் குற்றம் ஏதுமில்லை. கலவை விகிதம் அளவோடு இருந்தால் நல்ல துணியே கிடைக்கும். ஆனால் கிழிபட்ட இழைகள் குட்டையானவை. ஒன்றையொன்று பற்றும் வலிமை அவற்றுக்குக் குறைவு. அளவுக்கு மீறி அவற்றைச் சேர்த்து, பசையாலும் அழுத்தத்தாலும் கனமாகத் தோன்றச் செய்த துணிகள் 1861இல் படைக்கு விற்கப்பட்டன. சில வார அணிவகுப்பிலும் மழையிலும் அவை நைந்து உதிர்ந்தன. இன்று ஆங்கிலத்தில் மட்டமான வேலையைக் குறிக்கும் சொல்லாக 'ஷாடி' நிலைத்தது பெரும்பாலும் இப்போர்க்கால ஊழலினால்தான். ஒப்பந்தக்காரராகிப் புதுப்பணம் கண்டவர்களையும் அக்காலத்து இதழ்கள் இச்சொல்லாலேயே கேலி செய்தன.

கீழவையில் சார்லஸ் வான் வைக் தலைமையிலான குழு அரச ஒப்பந்தங்களை விசாரித்தது. போர்த்துறைச் செயலர் சைமன் கேமரன் 1862 சனவரியில் பதவி விலகினார். 1863 மார்ச் 2 அன்று பொய்க் கோரிக்கைச் சட்டம் நிறைவேறியது. அரசை ஏமாற்றிய ஒப்பந்தக்காரர்மீது தனியொருவரும் அரசின் சார்பில் வழக்குத் தொடுக்க இச்சட்டம் வழிசெய்தது. திருத்தங்களுடன் அது இன்றும் நடைமுறையில் உள்ளது. படைத்தளவாடத் தலைவர் மாண்ட்கோமரி மெய்க்சின் பொறுப்பில் கொள்முதலும் தரச் சோதனையும் படிப்படியாகச் சீரடைந்தன.

மீள்நிகழ்த்துவோருக்கு இவ்வரலாறு ஒரு சங்கடத்தை உண்டாக்குகிறது. ஒழுங்குவிதிப்படி அமைந்த ஐந்து பவுண்டு தூய கம்பளிப் போர்வையை முகாமில் அனைவரும் வைத்திருந்தால், அது 1861இன் கோடைக்கால முகாமாக இராது. நைந்து போகும் போர்வையை விலைகொடுத்து வாங்க எவரும் விரும்பமாட்டார். அதை நெய்து விற்க எந்த நெசவாளரும் முன்வரமாட்டார். இதனால் இன்றைய மீள்நிகழ்த்துகை முகாம்கள், அவை காட்ட விரும்பும் முகாம்களைவிட நல்ல போர்வைகளைக் கொண்டுள்ளன. பார்வையாளருக்கு இதனை வாய்மொழியாக விளக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ஷாடித் தொழிலுக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. யோர்க்சயரில் இத்தொழில் நலிந்த பின்னர் அரியானாவின் பானிப்பட் நகரம் உலகின் பெரிய மறுசுழற்சிக் கம்பளி மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. பேரிடர் நிவாரணத்துக்கு அனுப்பப்படும் சாம்பல் நிறப் போர்வைகள் பல இங்கு உருவானவை. பார்வைக்கு உள்நாட்டுப் போர்ப் போர்வையை ஒத்திருப்பதால் இவற்றை வாங்குவோர் உள்ளனர். இவற்றில் செயற்கை இழைகளும் கலந்திருப்பது வழக்கம் என்பதால், கீழ்க்காணும் தீச்சோதனை இவற்றுக்கு இன்றியமையாதது.

தென்மாநிலக் கூட்டமைப்பு வீரர்களின் போர்வைகள்

கூட்டமைப்புப் படையினருக்கு ஒரே மாதிரிப் போர்வை என்று ஒன்று கிடையாது. கம்பளி ஆலைகள் பெரும்பாலும் வடக்கிலேயே இருந்தன. தெற்கில் இருந்த சிலவற்றுள் ஒன்றான ரிச்மண்டு நகரின் கிரென்சா கம்பளி ஆலை 1863 மே மாதத்தில் தீக்கிரையானது. வீட்டிலிருந்து கொண்டுவந்த மெத்தை விரிப்புகள், பருத்திப் பாவும் கம்பளி ஊடையும் கொண்ட கைத்தறிப் போர்வைகள், கடல் முற்றுகையைத் தாண்டி வந்த பிரித்தானியப் போர்வைகள் ஆகியன கலந்து பயன்பட்டன. தட்டுப்பாடு கடுமையானபோது வீட்டுத் தரைவிரிப்புகள் வெட்டப்பட்டுப் படையினருக்கு அனுப்பப்பட்டன.

ஒன்றியப் படையிடமிருந்து கைப்பற்றிய போர்வைகளும் மிகுதியாகப் புழங்கின. எனவே கூட்டமைப்பு வீரராக நடிப்பவர் 'யூ.எஸ்.' போர்வை வைத்திருப்பது பிழையன்று. மாறாக, ஒரு கூட்டமைப்புப் படைப்பிரிவின் அனைவரும் ஒரே போர்வையுடன் அணிவகுப்பதே ஐயத்துக்குரிய காட்சி.

தேர்ந்தெடுத்தல்

முதலில் கேட்க வேண்டிய கேள்வி போர்வை பற்றியதன்று. எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு, எந்தக் களம் என்பதை முடிவு செய்த பின்னரே போர்வையைத் தேட வேண்டும். முதலாம் உலகப் போர்க்கால ஆலிவ் பச்சைப் போர்வையும், ஐரோப்பியப் படைகளின் மிகைச் சரக்காக விற்கப்படும் சாம்பல் போர்வையும் உண்மையான படைப் போர்வைகளே. ஆனால் வேறு படைகளுக்கும் வேறு காலத்துக்கும் உரியவை. அட்சன் குடாக் கம்பெனியின் வண்ணப்பட்டைப் போர்வை 18ஆம் நூற்றாண்டிலிருந்தே வட அமெரிக்காவில் வழங்கியது என்றாலும், ஒன்றியப் படையின் வழங்கற்பொருள் அல்ல. அதன் ஓரத்தில் உள்ள சிறு கோடுகள் எத்தனை நீர்நாய்த் தோலுக்கு ஒரு போர்வை என்பதைக் குறித்தன என்று பரவலாக நம்பப்படுவதும் தவறு. அவை போர்வையின் அளவைக் குறித்தவை.

அமெரிக்காவில் விற்கப்படும் கம்பளிப் பொருட்களில் இழைவகையும் விழுக்காடும் சிட்டையில் குறிப்பிடப்பட வேண்டும் என 1939ஆம் ஆண்டின் கம்பளிப் பொருட்கள் சட்டம் விதிக்கிறது. மறுசுழற்சிக் கம்பளி எனில் அதுவும் குறிப்பிடப்பட வேண்டும். சிட்டை இல்லாதபோது தீச்சோதனை உதவும். ஓரத்திலிருந்து ஒரு பாவு நூலையும் ஓர் ஊடை நூலையும் தனித்தனியே எடுத்து, இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்ட வேண்டும். தூய கம்பளி மெல்ல எரியும்; மயிர் கருகும் நாற்றம் வீசும்; தீயை அகற்றியதும் பெரும்பாலும் அணைந்துவிடும்; மிஞ்சும் கரி விரலிடையே பொடியும். பாலியெசுத்தர் உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான மணியாகும். பருத்தி காகிதம் போல எரிந்து மென்சாம்பலாகும். பாவு ஓர் இழையாகவும் ஊடை மற்றோர் இழையாகவும் இருக்கக்கூடும் என்பதால் இரண்டையும் சோதிக்க வேண்டும்.

இச்சோதனை வரலாற்று நுணுக்கத்துக்கு மட்டும் உரியதன்று. மீள்நிகழ்த்துவோர் திறந்த தீயருகே உறங்குகின்றனர். தீப்பொறி கம்பளியில் விழுந்தால் சிறு கருகலோடு நின்றுவிடும். செயற்கை இழையில் விழுந்தால் உருகிய பொருள் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமான புண்ணை உண்டாக்கும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்வாங்கியும் வெப்பத்தை ஓரளவு காக்கவல்லது. பருத்திக் கலப்பு மிகுந்த போர்வை நனைந்தால் குளிரைத்தான் தரும்.

விலை பலருக்குத் தடையாக உள்ளது. மூலப் பொருளைப் பின்பற்றிச் சிறு ஆலைகளிலும் தறிகளிலும் நெய்யப்படும் போர்வைகள் சாதாரணப் போர்வையைவிடப் பன்மடங்கு விலையுடையவை. தொடக்க நிலையில் உள்ளவர்கள், பட்டையும் எழுத்தும் இல்லாத, சாய்வரி நெசவில் அமைந்த தூய கம்பளிப் போர்வை ஒன்றை வாங்கி, ஓரத் தையலைப் பிரித்துவிட்டுப் பயன்படுத்தலாம். அது அக்காலத்தில் வீட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட போர்வையாகக் கருதத்தக்கது.

களத்தில் பயன்பாடு

வீரர்கள் போர்வையை முதுகுப்பையின் மேல் கட்டியோ, நீளமாகச் சுருட்டி முனைகளை ஒன்றாகப் பிணைத்து ஒரு தோளின் குறுக்கே மாட்டியோ சுமந்தனர். தரையின் ஈரத்தைத் தடுக்க, ரப்பர் பூசிய பருத்தித் துணி கீழே விரிக்கப்பட்டது. சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற ரப்பர் பதப்படுத்தல் முறையே இதனைச் சாத்தியமாக்கியது. இருவர் இணைந்து ஒருவரின் போர்வையைக் கீழேயும் மற்றவருடையதை மேலேயும் இட்டுப் படுப்பது வழக்கம். நெருக்கியடித்துப் படுத்த வரிசையில் ஒருவர் புரண்டால் அனைவரும் புரள வேண்டியிருந்தது.

ஐந்து பவுண்டு என்பது அணிவகுப்பில் சிறிய சுமையன்று. வெயில் ஏறியதும் போர்வைகளையும் மேலங்கிகளையும் வழியோரத்தில் வீசிவிட்டுச் சென்றவர்கள் பலர்; இலையுதிர்காலத்தில் அவர்களே வருந்தினர். கோடைக்கால நிகழ்ச்சியில் போர்வையே இல்லாமல் வருபவரைக் குறைகூற இயலாது.

போலிகள்

மிக நன்றாக நெய்யப்பட்ட நகல் மற்றொரு தீங்குக்கு வழிவகுக்கிறது. எஞ்சியுள்ள மூலப் போர்வைகள் மிகக் குறைவு. போருக்குப் பின் அவை குதிரைப் போர்வையாகவும் மெத்தைத் திணிப்பாகவும் தேய்ந்தழிந்தன. மீந்தவற்றை அந்துப்பூச்சி தின்றது. இதனால் மூலப் போர்வைகள் சேகரிப்பாளரிடையே பெருவிலை பெறுகின்றன. நகல்களை வெயிலில் மங்கவைத்து, கிழித்து, கறைபடுத்தி மூலமாக விற்பதற்கு இது தூண்டுகிறது. போலி நாணயங்களிலும் அரசியல் சின்னங்களிலும் நகல் அல்லது ஆண்டு என்பதைப் பொறிக்கக் கோரும் 1973ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் படைப் பொருட்களுக்குப் பொருந்தாது. ஆகவே நெசவாளர் தாமாகவே தம் பெயரையும் ஆண்டையும் ஒரு மூலையில் அழியாதவாறு தைத்துவிடுவது நல்லது. இது தோற்றத்தைக் கெடுக்கிறது என்று முறையிடும் வாங்குநரும் உள்ளனர். சுருட்டிய போர்வையில் மூலை தெரிவதில்லை என்பதே அவர்களுக்கு உரிய விடை.

பராமரிப்பு

வெந்நீரும் அலசலும் சேர்ந்தால் கம்பளி இறுகிச் சுருங்கும். துவைப்பதைவிட வெயில்படாத காற்றில் உலர்த்தித் தூசி தட்டுவதே ஏற்றது. அந்துருண்டையின் நாற்றம் எளிதில் அகலாது; அதன் ஆவி உடல்நலத்துக்கும் கேடு. போர்வையை நெகிழிப் பையில் இறுகக் கட்டிச் சில நாட்கள் உறைநிலைப் பெட்டியில் வைத்தால் பூச்சியும் முட்டையும் அழியும். ஈரம் முற்றிலும் உலர்ந்த பின்னரே மடித்து வைக்க வேண்டும். மடிப்பு எப்பொழுதும் ஒரே இடத்தில் விழாதவாறு ஆண்டுக்கு ஓரிரு முறை மாற்றி மடிப்பது இழைகள் முறிவதைத் தடுக்கும்.